அப்பாவின் மழைக்கோட்டில் ஐந்து திருகு

பையூ ஓடைக் கரை,
அக்டோபர் 4, வியாழன்

அன்பு மகள் லோரீனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. முழங்காலைக் கணக்கில் சேர்க்காவிட்டால் நான் சுகம், அண்ணன் நார்பர்ட்டும் அண்ணி டார்லாவும் சுகம் என்றுதான் இங்கே கேட்கிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறோம். அந்த அபர்தீன் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகள் இருவரும் சளி இருமல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் ஜெபமாலை சொல்கிறேன். உன் கடிதம் வந்து ஒன்பது நாள் ஆகிறது. டார்லா அதைப் பிரித்துப் படித்துவிட்டுத்தான் என்னிடம் கொடுத்தாள், தெரியாமப் பிரிச்சிட்டேன் அத்தை என்றாள். ஐம்பத்தேழு வருஷத்துக்கு முன்னால் உன் அசெலி அத்தையும் எனக்கு வந்த கடிதத்தை இப்படித்தான் தெரியாமல் பிரித்தாள், அதையே நான் இன்னும் விடவில்லை. ஆகையால் இதை நாளைக்கு நற்கருணை கொண்டுவரும் டீக்கன் கையில் கொடுத்து அனுப்புகிறேன். நீ இதற்குப் பதில் கடிதம் போடாதே, ஏன் என்பது போகப்போகத் தெரியும்.

பிள்ளைகள் நம்ம ஊர்ச் சாப்பாடு கேட்கிறார்கள், வீட்டில் சுலபமாகச் செய்கிறமாதிரி நாலு எழுதி அனுப்பம்மா என்று கேட்டிருந்தாய். முன்பானால் சுலபம் என்ற சொல்லுக்கே உன்னைத் திட்டி எழுதியிருப்பேன். இப்போது நானே சுலபக்காரி, ஏழு மாதமாக என் கைக்கு விட்டுவைத்திருப்பது ரைஸ் குக்கர் ஒன்றுதான், அதில் ஜம்பலாயா செய்து செய்து எனக்குத் தூக்கத்தில்கூட வரும். அரிசி இரண்டு டம்ளர் கழுவிப் போடு. புகை போட்ட சாசேஜை வட்டமாக நறுக்கு, நம்முடையது அங்கே கிடைக்காது, போலந்துக்காரர் கடையில் விற்பது பரவாயில்லை என்று நீயே ஒருமுறை சொன்னாய். இறால் ஒரு பவுண்டு உரித்தது, வெங்காயம் குடமிளகாய் செலரி மூன்றும் பொடியாக, பூண்டு நாலு பல், வெண்ணெய்க் கட்டியில் பாதி, காரம் உன் பிள்ளைகள் தாங்குகிற அளவு. எலும்பு வேகவைத்த சாறு அரிசிக்கு மேலே ஒரு விரற்கடை நின்றால் போதும், இறாலும் தண்ணீர் விடும். மூடிவிட்டுப் பொத்தானை அமுக்கு. பொத்தான் தானே எழும்பிய பிறகும் பத்து நிமிஷம் திறந்து பார்க்காதே. தக்காளி போடாதே. அசெலி போடுவாள், உன் கல்யாணத்துக்கு இரண்டு அண்டா அப்படித்தான் சிவப்பாகக் கொண்டுவந்தாள், வந்தவர்கள் நான் செய்தது என்று நினைத்துக்கொண்டு போனார்கள்.

கம்போக் குழம்புக்கு எண்ணெயில் மாவு கிண்டத்தான் பயமாக இருக்கிறது, இரண்டு தரம் கருகிவிட்டது என்று எழுதியிருந்தாய். கிண்டாதே. வெறும் மாவை அகலத் தட்டில் பரப்பி ஓவனில் வை, கால் மணிக்கு ஒருதரம் கிளறு, காபிப் பொடி நிறம் வந்ததும் எடுத்துக்கொள், எண்ணெயைப் பிறகு சேர்க்கலாம். ஒரு மணி நேரத்துக்கு மேலேயே ஆகும், ஆனால் அடுப்பு முன்னால் காலைக் கட்டிப்போட்டமாதிரி நிற்க வேண்டாம். அதுவும் முடியாவிட்டால் பாட்டிலில் விற்கிற வறுத்த மாவை வாங்கு. இதை எழுதுவது என் கைதானா என்று நினைப்பாய். அந்த மாவால்தானே நான் இப்படி இருக்கிறேன்.

உன்னிடம் டார்லா என்ன சொல்லியிருப்பாள் என்று தெரியும், அத்தை அடுப்பை எரியவிட்டு மறந்துட்டாங்க, ஜன்னல் திரை பத்திக்கிச்சு என்று. நடந்ததைக் கேள். தவக்காலத்து இரண்டாம் வெள்ளி, காலை பத்தே முக்கால் மணி. வெள்ளி ஆதலால் இறைச்சி இல்லை, இறாலும் முட்டையும் போட்டு கம்போ. மாவு பொன்னிறம் தாண்டிச் சிவக்கத் தொடங்கியிருந்தது, எனக்கு அவசரமாகக் கழிப்பறைக்குப் போக வேண்டியிருந்தது. நம் வீட்டு வழக்கம் உனக்குத் தெரியும், மாவு கிண்டுகிறவள் நகரக் கூடாது, நகர்ந்தால் கரண்டியை இன்னொருவர் கையில் கொடுக்க வேண்டும், வாங்குகிறவர் வாயால் சொல்லவும் வேண்டும், சொல்லாமல் நான் யாரிடமும் கரண்டியை விட்டதில்லை. அன்றும் நார்பர்ட் கையில்தான் கொடுத்தேன். அவன் வாங்கி, "பிடிச்சேன், நீ போம்மா" என்றான். நான் திரும்பி வரும்போது அடுக்களை முழுக்கப் புகை, திரையில் நெருப்பு, இவன் பின்பக்கத்து வராந்தாவில் நின்று தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். மதியம் டார்லா பள்ளிக்கூட ஆபீசிலிருந்து ஓடி வந்து கேட்டபோது, அம்மா மறந்துட்டாங்க போலிருக்கு என்று அவன்தான் சொன்னான். நான் வாயைத் திறந்தேன், அப்படியே மூடிக்கொண்டேன். பொய் சொல்லும்போது உன் அண்ணன் இடது காதைத் தொடுவான், ஆறு வயதில் கோழி முட்டையை உடைத்த நாளிலிருந்து அப்படித்தான். அன்று காதைத் தொடவில்லை லோரீன். நான் கரண்டி கொடுத்தது அவனுக்கு நிஜமாகவே ஞாபகம் இல்லை.

அன்று சாயங்காலமே டார்லா அடுப்பிலிருந்து, பற்றவைக்கத் திருப்புகிற ஐந்து திருகையும் பிடுங்கி, அத்தை கைக்கு எட்டாத இடமாப் பார்த்து வைங்க என்று அவனிடம் கொடுத்துவிட்டாள். புயலுக்குப் பிறகு வீட்டைத் தூண்மேல் தூக்கி வைத்தது உனக்குத் தெரியும், தரைக்கு இருபத்திரண்டு படி, என் முழங்காலுக்கு அது இறங்குகிற காரியம் இல்லை. லிஃப்ட் இருக்கிறது, சாவி டார்லாவின் வளையத்தில் இருக்கிறது. காலை ஏழு மணிக்கு அவள் போனால் நாலரை வரை நான் கரை சேராத கப்பலில் இருக்கிறவள். கீழே எனக்குக் கையகல வெண்டைப் பாத்தி இருந்தது, அது காய்ந்து போனதை மேலே நின்று பார்த்தேன். டாக்டரிடமும் கூட்டிப்போனாள். கடிகாரம் வரையச் சொன்னார், வரைந்தேன். பன்னிரண்டு மாதத்தையும் சொல்லச் சொன்னார், சொல்லி, ஒவ்வொரு மாதத்திலும் நம் ஆட்கள் யார் யாரை அடக்கம் செய்தோம் என்பதையும் சொன்னேன், ஜூலைக்கு வருவதற்குள் போதும்மா என்றார். நாலாம் வகுப்பில் நம் வீட்டுப் பாஷையான பிரெஞ்சு பேசினதுக்காக என்னை மக்காச்சோளத்தின்மேல் முட்டி போடவைத்த டீச்சரின் செருப்பு நிறம்கூட எனக்குத் தெரியும், இந்த மூளையைப் போய் மறக்கிறது என்கிறார்கள். டாக்டர் வயசுக்கு நன்றாகவே இருக்கிறது என்றுதான் சொன்னார். அவர் அரைமணி நேரம் பார்த்தார், தினமும் பார்க்கிறது நான்தானே அத்தை என்கிறாள் டார்லா. அவள் கெட்டவள் என்று நான் எழுதவில்லை, என் காலுக்குத் தைலம் தேய்த்துவிடுகிறாள், நகம் வெட்டிவிடுகிறாள். வெட்டும்போதும் சாவி இடுப்பில்தான்.

அதுவரை என் குக்கரிலேயே ஒப்பேற்றினோம். ஜூலையில் அவள் தம்பி குடும்பம் வந்தது, அடுப்பு வேண்டும், திருகு எங்கே என்று கேட்டாள். நார்பர்ட் வீடு முழுக்கத் தேடினான், தன் இறால் படகில் தேடினான், கடைசியில் அம்மாதான் எடுத்து ஒளிச்சிருப்பாங்க என்றுவிட்டான். அப்போதும் காதைத் தொடவில்லை. டார்லா என் பெட்டியைக் கொட்டிப் பார்த்தாள், மெத்தையைத் தூக்கிப் பார்த்தாள், நான் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த அடுப்புக்குத் திருகு இப்போது வருவதில்லையாம், அதனால் இடுக்கியால் திருப்பிச் சமைக்கிறாள், சமைத்து முடித்ததும் இடுக்கியைக் கைப்பையில் போட்டு வேலைக்கு எடுத்துப் போகிறாள். சிரிக்க வேண்டிய விஷயம்தான், எனக்கு வரவில்லை. ஆகஸ்டில் உன் அப்பாவின் மஞ்சள் மழைக்கோட்டைக் காற்றாட எடுத்தேன், உள்பையில் கனமாக ஏதோ இடித்தது. ஐந்தும் இருந்தன. அப்பாவின் பையில் வைத்தால் பத்திரம் என்று அவனுக்குத் தோன்றியிருக்கிறது. நான் அதை எடுத்துக் கொடுத்தால் திருடினவள் நானே என்று ஆகும். அவன் வைத்தது என்று சொன்னால் மகனைக் காட்டிக்கொடுத்தவள் ஆவேன். திரும்பப் பையிலேயே போட்டுக் கோட்டை மாட்டிவிட்டேன்.

அதற்குப் பிறகு நான் அவனையே பார்க்கிறேன், இந்த ஜன்னலில் எனக்கு வேறு என்ன வேலை. இரண்டு தரம் இறாலைப் போட்டுவைக்க ஐஸ் ஏற்றாமல் படகை எடுத்துப் போய் வெறும் கையோடு திரும்பினான், இறால் ஓடலை என்று சொன்னான். கூட வேலைக்கு இருந்த ஆளும் நின்றுவிட்டான், இப்போது தனியாகத்தான் போகிறான். டிபன் பெட்டியில் ஐஸ், டீசல், தண்ணீர் என்று நான் ஒரு சீட்டு எழுதி வைக்கிறேன், அவன் அதைப் பற்றிப் பேசுவதில்லை, ஆனால் சீட்டு மடங்கியிருக்கிறது, படிக்கிறான். செப்டம்பரில் ஒரு காலை காபி ஊற்றிக்கொண்டே, அப்பா எழுந்தாச்சா என்று கேட்டான். எட்டு வருஷமாகக் கல்லறையில் இருக்கிற மனிதர். நான், இன்னும் இல்லை என்று சொன்னேன்.

இந்த வாரம் செவ்வாய்க்கிழமை டார்லா வேலைக்குப் போன பிறகு அவன் அடுப்பு முன்னால் வெகுநேரம் நின்றான். திருகு இல்லாத அந்த ஐந்து கம்பியையும் விரலால் தொட்டுப் பார்த்தான். பிறகு திரும்பாமலே, "அம்மா, இதை ஒளிச்சு வெச்சது நான்தானே?" என்றான். ஆமாம் என்றேன். கோட்டிலிருந்து எடுத்து வந்து அவன் கையில் கொட்டினேன். ஒன்றை மாட்டிப் பற்றவைத்தான், அணைத்தான், மறுபடி பற்றவைத்தான். நான் சட்டியை வைத்து எண்ணெயும் மாவும் போட்டேன், இரண்டு பேரும் ஒரே கரண்டியைப் பிடித்துக் கிண்டினோம், அவன் கைமேல் என் கை, சாக்லேட் நிறம் வரும்வரை ஒருவரும் நகரவில்லை. இறக்கின பிறகு, "டார்லாகிட்ட சொல்லிடாதம்மா, படகைப் பிடுங்கிடுவாங்க" என்றான். சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். அவனே திருகுகளைக் கழற்றிக் கோட்டுப் பையில் போட்டான். மறுநாள் காலை காபி குடிக்கும்போது அடுப்பைப் பார்த்து, சலிப்பாக, அந்தத் திருகெல்லாம் எங்கம்மா ஒளிச்சு வெச்சே, பாவம் அவ இடுக்கியோட அல்லாடறா என்றான். நான் அவன் காதையே பார்த்துக்கொண்டிருந்தேன். கை கோப்பையைவிட்டு எழும்பவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். கல்லறைத் திருநாள் முடிந்த மறுவாரம், நவம்பர் ஐந்தாம் தேதி, எனக்கு முதியோர் இல்லத்தில் கட்டில் ஒதுக்கியிருக்கிறார்களாம், டார்லா படிவத்தைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்திருக்கிறாள், அதன்மேல் என் மூக்குக்கண்ணாடியையும் எடுத்து வைத்திருக்கிறாள். நான் போய்விட்டால் அந்தச் சீட்டை யார் எழுதி வைப்பது, படகு எத்தனை மணிக்குத் திரும்ப வேண்டும் என்று யார் இந்த ஜன்னலில் நிற்பது. நான் இங்கேயே இருக்க வேண்டுமானால் கருக்கியது யார் என்று சொல்ல வேண்டும், சொன்னாலும் தான் தப்பிக்க மகன்மேல் பழி போடுகிறாள் கிழவி என்பாள், நான் அவள் இடத்தில் இருந்தாலும் அதைத்தான் சொல்வேன். வாய் திறந்தாலும் கெடுவது அவன், திறக்காவிட்டாலும் அவன். வேறு இரண்டு கண் வந்து பார்க்க வேண்டும். திருநாளுக்கு அப்பாவின் கல்லறை கழுவ வருகிறேன் என்று சொல்லிப் புறப்பட்டு வா, இரண்டு வாரமாவது இரு. ஒருநாள் அவனோடு படகில் போ, ஒன்றும் கேட்காதே, எந்த ஓடையில் திரும்புகிறான் என்று மட்டும் பார். பார்த்ததை டார்லாவிடம் நீ சொல். டார்லாவிடம் சொல்ல மாட்டேன் என்றுதான் நான் வாக்குக் கொடுத்தேன், உன்னிடம் சொல்ல மாட்டேன் என்று கொடுக்கவில்லை. அவனுக்கு இது தெரிந்தால் என்மேல் கோபித்துக்கொள்வான், மறந்தும் போவான், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. என்மேல் உள்ள கோபத்தையாவது அவன் ஞாபகம் வைத்திருக்கட்டும்.

மாதா உன்னையும் மாப்பிள்ளையையும் பிள்ளைகளையும் தன் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும். பெரியவனுக்குக் காரம் குறைத்துப் போடு. கம்பளிக் காலுறை இல்லாமல் யாரும் வெளியே போகாதீர்கள். முக்கியமானது ஒன்று, கடிதம் எழுதாதே, பிரிக்கப்படும். ஞாயிறு பூசை முடிந்த பிறகு டார்லாவின் ஃபோனுக்குக் கூப்பிடு, ஜம்பலாயா பற்றி அம்மாவிடம் ஒன்று கேட்க வேண்டும் என்று சொல்லி என்னிடம் கொடுக்கச் சொல். அவள் பக்கத்தில்தான் நிற்பாள், நீ வேறு எதுவும் பேச வேண்டாம். இந்தக் கரண்டியை உன் கையில் கொடுக்கிறேன். பிடிச்சேன் என்று மட்டும் சொல்.

இப்படிக்கு,
உன் அம்மா
எல்மீர் டூகா