அம்மாவின் முதுகும் ஏப்ரல் இருபத்துநாலாம் தேதியும்

சேசு மரி சூசை

செக்காலை, காரைக்குடி
12-4-97

அன்புள்ள மகன் ஃபெலிக்ஸுக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் நான் சுகமாக இருக்கிறேன், நீயும் அங்கே அப்படியே இருக்க வேண்டும். அம்மாவும் சுகம் என்று வழக்கம்போல் எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போக இந்தமுறை கை வரவில்லை. அதனால்தான் இன்லேண்டை விட்டுவிட்டு வெள்ளைத்தாள் எடுத்து உட்கார்ந்திருக்கிறேன். உன் கடிதம் புதன்கிழமை கிடைத்தது. முதுகுத்தண்டில் ஊசி போட யார் சொன்னது, போதாதென்று ஆபரேஷன் வேறா, அம்மாவைப் படுக்கையில் தள்ளிவிட்டுத்தான் ஓய்வீர்களா என்று கேட்டிருக்கிறாய். நெற்குப்பையில் உன் சிநேகிதன் முத்தரசுவின் அப்பா முதுகு ஆபரேஷனுக்குப் பிறகு மூன்று மாதம் மல்லாந்து கிடந்ததைப் பார்த்தவன் நீ, பயம் இருக்கத்தான் செய்யும். நடந்ததை முதலிலிருந்து எழுதுகிறேன். அதில் எனக்குப் பெருமை ஒன்றும் இல்லை.

இரண்டு வருடமாகவே அம்மாவுக்கு நடக்க ஆரம்பித்துக் கொஞ்ச தூரத்தில் இரண்டு காலும் கனத்து மரத்துப் போகும், உட்கார்ந்தால் சரியாகிவிடும், எழுந்து நடந்தால் மறுபடி வரும். இங்கே டாக்டர் மூட்டுத் தேய்மானம் என்று தைலம் கொடுத்தார். ஞாயிறு பூசைக்குப் போகிற வழி உனக்குத் தெரியும், அந்தப் பூட்டிக்கிடக்கும் பெரிய வீட்டின் சுவர் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில்தான் முடியும், நடுவில் உட்கார ஒரு கல் கிடையாது. சுவர் முடிகிற இடத்தில் உன் சித்தப்பா சாலமனின் வீடு. நான் எப்போதும்போல முன்னால் போய்த் திரும்பிப் பார்த்தால் அம்மா அந்தக் கேட்டுக்குள்ளிருந்து வெளியே வருவாள். ஒரு வாரம் இல்லை, வாரா வாரம். சாலமன் எனக்குச் செய்ததை நீ அறிவாய். ஒரே பள்ளியில் நாலு வருட சீனியர் நான் இருக்க, தாளாளர் கூப்பிட்டுத் தலைமையாசிரியர் நாற்காலியைக் காட்டியதும் கூச்சமில்லாமல் போய் உட்கார்ந்தவன், அண்ணன் இருக்கிறான் என்று ஒரு வார்த்தை சொல்லாதவன். ஒன்பது வருடமாக நான் அந்த வாசலை மிதித்ததில்லை. அப்படியிருக்க என் மனைவி அங்கே போய் உன் சித்தி ஜெசியோடு கதையளந்து, பலகாரம் தின்று, என்னைப் பற்றிப் பேசிவிட்டு வருகிறாள் என்றுதான் நான் நினைத்தேன். கால் மரக்கிறது என்று அவள் சொன்னதை நான் நம்பவில்லை. அதற்கு என்னிடம் சாட்சி வேறு இருந்தது. போன வருடத் தவக்காலத்தில் வெள்ளிக்கிழமை தவறாமல் சிலுவைப்பாதைக்கு வந்தாள், பதினாலு நிலைக்கும் குனிந்து முழந்தாளிட்டு எழுந்தாள், முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. பதினாலு தடவை குனிந்து எழுகிற முதுகுக்கு வெறும் தெருவில் நடக்க மட்டும் என்ன வந்தது என்று கேட்டுவிட்டு ஒன்றரை மாதம் அவளோடு பேசாமல் இருந்தேன். உனக்கு அப்போது எழுதிய கடிதங்களில் இதையெல்லாம் எழுதவில்லை.

செப்டம்பரில் ஒரு நாள் கடைத்தெருவுக்குப் போகையில் பின்னாலிருந்து கீரை விற்கிற பொன்னுத்தாயி ஊருக்கே கேட்கும்படி கத்தினாள். "ஏன் வாத்தியாரே, வீட்டம்மா அங்குட்டுத் தரையில உக்காந்துட்டாக, நீங்க பாட்டுக்குப் போறீகளே, கழுத்து திரும்பாதா ஒங்களுக்கு?" திரும்பிப் பார்த்தேன். உன் அம்மா அந்தப் பெரிய சுவருக்குப் பாதியில், புழுதியில், காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். சேலையைத் தட்டிக்கொண்டு தானாகவே எழுந்தாள். மறுநாளே மதுரைக்குக் கூட்டிப்போனேன். அங்கே எலும்பு டாக்டர் சத்தியமூர்த்தி நிதானமான மனிதர், எப்போது வலி இல்லை என்று கேட்டார். அம்மா யோசித்துவிட்டு, "சிலுவைப்பாதையில மட்டும் வலி தெரியாது டாக்டர்" என்றாள். எனக்கு நிலம் பிளந்து உள்ளே போய்விடலாம் போல் இருந்தது. அவர் சிரிக்கவில்லை. மேசையில் இருந்த பிளாஸ்டிக் முதுகெலும்பைக் கையில் எடுத்து நிமிர்த்தினால் நரம்பு போகிற பாதை எப்படி ஒடுங்குகிறது, குனிய வைத்தால் எப்படி விரிகிறது என்று காட்டினார். குனிந்தால் சுகம், நிமிர்ந்து நடந்தால் வேதனை, இதுதான் இந்த நோயின் அடையாளமாம், லம்பார் ஸ்டெனோசிஸ் என்று எழுதினார். ஸ்கேனும் அதையே சொன்னது. இடுப்புப் பக்கம் ஒரு இடத்தில் எலும்பும் தசைநாரும் தடித்து நரம்பு போகிற குழாய் ஒடுங்கிவிட்டது. அதாவது நான் பொய்க்குச் சாட்சி என்று வைத்திருந்ததுதான் நோய்க்குச் சாட்சி.

ஊசியைப் பற்றிக் கேட்டாய். எடுத்த எடுப்பில் யாரும் ஊசி போடவில்லை. இரண்டு மாதம் பெல்ட்டும் குனிந்து செய்கிற பயிற்சியும் செய்து பார்த்தாள், ஓரளவுதான் கேட்டது. பிறகு நவம்பரில் வால் எலும்புப் பக்கமிருந்து நரம்பைச் சுற்றி மருந்து செலுத்தினார்கள். வீக்கத்தை அடக்குகிற மருந்து அது, நரம்புக்குள் குத்துவதில்லை. அன்று மாலையே வீடு வந்துவிட்டோம். கிறிஸ்துமஸ் பூசைக்கு எங்கும் உட்காராமல் கோவில் வரை நடந்தாள். ஆனால் அது குழாயை விரிப்பதில்லை, சில பேருக்கு மாதக்கணக்கில் தாங்கும், சில பேருக்குத் தாங்காது என்று முன்பே சொல்லியிருந்தார். பிப்ரவரியில் பழைய கதையாகிவிட்டது. அதோடு போயிருந்தால் இன்னொரு ஊசி போட்டுப் பார்த்திருக்கலாம். போன மாதம் அவள் இடது காலில் செருப்பு கழன்றது அவளுக்கே தெரியாமல் பத்தடி வெறுங்காலோடு நடந்திருக்கிறாள், பெருவிரலைத் தூக்கச் சொன்னால் தூக்க வரவில்லை. இனி தள்ளிப்போட்டால் போன பலம் திரும்பாது என்கிறார் டாக்டர். முத்தரசுவின் அப்பாவுக்குச் செய்தது பழைய முறை, நீளமாகத் திறந்து எலும்பை இரண்டு பக்கமும் எடுப்பது. இவர் செய்வது மைக்ராஸ்கோப் வைத்து, இரண்டு விரல்கடை அளவு கீறி, சதையை அறுக்காமல் ஒதுக்கி, அழுத்துகிற இடத்தில் மட்டும் எலும்பைச் செதுக்குவது. மறுநாள் நடக்க விடுவார்கள், ஐந்தாம் நாள் வீடு. எல்லாருக்கும் இது ஆகாது, ஒரே இடத்தில் நெருக்கம் இருப்பதால் இவளுக்கு ஆகும் என்கிறார். கால் வேதனை பெரும்பாலும் போகும், முதுகு வலி கொஞ்சம் இருக்கும், விரல் எவ்வளவு மீளும் என்று உறுதி கொடுக்க மாட்டேன் என்றும் சொல்லிவிட்டார். உறுதி கொடுக்காததால்தான் எனக்கு அவர்மேல் நம்பிக்கை வந்தது.

நான் சம்மதித்துவிட்டேன், அம்மா சம்மதிக்கவில்லை. பெண்கள் வார்டில் ஆண்கள் தங்கக் கூடாது, கூட ஒரு பெண் வேண்டும். ஆள் வைத்துக்கொள்ளலாம் என்றேன். "ஜெசி வந்து கூட இருந்தா படுக்குறேன், இல்லாட்டி இந்தக் காலோடயே இருந்துக்கிறேன், நீங்க கவலைப்படாதீக" என்று சொல்லிவிட்டு அரிசி களையப் போய்விட்டாள். ஆறு நாள் கெஞ்சினேன், அதட்டினேன், அசையவில்லை. நேற்று சாயங்காலம் போனேன். கதவைத் திறந்தது சாலமன். அவன் முகத்தைப் பார்க்காமல் ஜெசி இருக்கிறாளா என்று கேட்டேன். அவன் விலகி வழிவிட்டான். ஜெசி வந்து, "வாங்கத்தான், இம்புட்டு நாள் ஆச்சா வழி கண்டுபிடிக்க?" என்றாள். நான் விஷயத்தைச் சொன்னேன். யோசிக்கக் கூட இல்லை, என்றைக்கு எத்தனை மணிக்கு பஸ் என்றுதான் கேட்டாள். பிறகு சொன்னாள், "அக்கா ரெண்டு வருசமா அந்த நாற்காலியில வந்து உக்கார்றாக. ஒரு வாய் தண்ணி குடிச்சதில்ல. கேட்டா, அவுகளுக்குப் பிடிக்காது ஜெசி, கால் சரியானதும் எந்திரிச்சுப் போயிருவேன்னு சொல்லுவாக. ஒங்களப் பத்தி ஒரு சொல் பேசினதில்லத்தான்."

இதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்குத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து ஜெசி வருகிறாள் என்று மட்டும் சொன்னேன். அம்மா அடுப்பிலிருந்து திரும்பாமல், "உள்ள போனீகளா, வாசல்லயே நின்னுட்டு வந்தீகளா?" என்றாள். உள்ளே போனேன், அந்த நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்தேன் என்றேன். அவள் அடுப்பைத் தணித்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டாள். பிறகு ஆஸ்பத்திரி பாரத்தை எடுத்துவரச் சொல்லி, பவுலின் என்று கையெழுத்துப் போட்டாள்.

இருபத்துநாலாம் தேதி வியாழக்கிழமை காலை ஆபரேஷன். நீ அலறியடித்து ஓடிவராதே, மே மாதம் லீவு போட்டு வா, அப்போது அவளை நடத்திக் கூட்டிப்போக ஆள் தேவைப்படும். அங்கே வெயிலில் தண்ணீரைக் காய்ச்சிக் குடி, ஓட்டல் எண்ணெய்ப் பண்டத்தைக் குறை, ஞாயிறு பூசையை விடாதே. அம்மாவுக்குத் தனியாகக் கடிதம் போடு, அதில் அதட்டல் வேண்டாம். சித்தப்பாவுக்கும் நாலு வரி எழுது, என் சார்பாக அதில் ஒன்றும் எழுத வேண்டாம், எனக்கு இன்னும் அவ்வளவு மனசு வரவில்லை. மாதா உன்னைக் காப்பாளாக, அம்மாவின் ஆசீரும் என் ஆசீரும் உனக்கு உண்டு. மறக்காமல் வியாழன் காலை ஒன்பது மணிக்கு எங்கே இருந்தாலும் ஒரு அருள்நிறைந்த மரியே சொல்.

இப்படிக்கு
உன் அப்பா
சூ. இஞ்ஞாசிமுத்து