சகலை கொண்டுவந்த தள்ளுபடி கிராக்கர்

ஞாயிறு, 3

மழை. காலையிலிருந்து விடவில்லை. துவைத்த துணி முழுக்க மின்விசிறிக்குக் கீழே.

மதியம் உட்லண்ட்ஸில் மாமியார் வீடு. மாதத்தின் முதல் ஞாயிறு எல்லாருக்கும் அங்கேதான் சாப்பாடு. மீன் குழம்பு நன்றாக இருந்தது. அதைத் தவிர நல்லதாக எழுத ஒன்றும் இல்லை.

சாப்பிட்டு முடித்ததும் முறுக்குத் தட்டு வந்தது. ஒன்று எடுத்தேன். வாய்க்குப் போகவில்லை. பிரபு எழுந்து வந்தான். தட்டை வாங்கிக்கொண்டான். கையிலிருந்த முறுக்கையும் வாங்கிக்கொண்டான், மண் தின்னும் பிள்ளையிடமிருந்து பிடுங்குவது போல. பிறகு எல்லாருக்கும் கேட்கிற மாதிரி: "அண்ணே, உங்க சுகர் ரிசல்ட் எட்டு பாயிண்ட் நாலு. மறந்துட்டீங்களா?"

இவன் என் மனைவி மலரின் தங்கை தேன்மொழியைக் கட்டியவன். எனக்குச் சகலை. அந்த ஒரு தகுதியில்தான் என் முறுக்கில் கை வைக்கிறான். வயதில் எட்டு வருடம் இளையவன்.

அந்த எண்ணை நான் மலரிடம் மட்டும் சொன்னேன். மலர் தங்கையிடம் மட்டும். தங்கை புருஷனிடம் மட்டும். ஆளுக்கு ஒருவரிடம் மட்டும்தான். இப்போது மாமியாரின் எதிர்வீட்டுக்காரர் வரைக்கும் தெரியும், அவரும் பந்தியில் இருந்தார். மாமியார் என் முகத்தைப் பார்க்காமல் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார். காது இரண்டும் எரிந்தன.

பிறகு பரிசளிப்பு. காரிலிருந்து இரண்டு அட்டைப்பெட்டி கொண்டுவந்து என் காலடியில் வைத்தான். வீகன் கிராக்கராம். எல்லாம் செடியிலிருந்து வந்ததாம், பயமில்லாமல் தின்னலாமாம். பாதி விலைக்குக் கிடைத்தது என்பதையும் அவனே சொன்னான்.

இவனைச் சும்மா விடப்போவதில்லை. எப்படி என்றுதான் தெரியவில்லை.

செவ்வாய், 5

வெயில். பாடம் நான்கு. காலைப் பையன் ஜோகூர் பாலத்து நெரிசலில் மாட்டி, தாமதம். மதியப் பெண் தடுப்புச்சுவரில் இரண்டு முறை உரசினாள். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவனுக்கு ரத்தக்கொதிப்பு வராமல் சர்க்கரை வந்ததே ஆச்சரியம்.

வீட்டுக்கு வந்தால் அலமாரி காலி. மிக்சர் இல்லை. தட்டை இல்லை. இடம் மாற்றி மாற்றி ஒளித்து வைத்திருந்த பக்கோடா பொட்டலமும் இல்லை. எல்லாவற்றையும் மலர் கீழ்வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள். இருப்பது கிராக்கர், கிராக்கர், கிராக்கர்.

ஒன்று தின்றேன். அட்டைப்பெட்டியைத் தின்றிருக்கலாம்.

பாக்கெட்டின் முன்பக்கம்: பச்சை இலை, சூரியன், சிரிக்கும் ஒரு காரட். பின்பக்கம் கண்ணாடி போட்டுக்கொண்டு வாசித்தேன். மரவள்ளி மாவு, அரிசி மாவு, பாமாயில், சர்க்கரை, உப்பு, இன்னும் என் வாயில் நுழையாத நான்கு பெயர். காரட் கடைசி வரியில், பொடியாக. இதற்கா அந்தச் சிரிப்பு.

மலரிடம் காட்டினேன். "செடியில இருந்து வந்ததுதானே?" என்றாள். கரும்பும் செடிதான், சுருட்டும் இலைதான் என்றேன். பிரபு பத்து கிலோ குறைத்திருக்கிறார், நீங்கள் என்ன செய்தீர்கள் என்று கேட்டாள். அவன் வீடு விற்கும் ஏஜென்ட். சுவரில் ஈரம் இருந்தால் பெயின்ட் அடித்துவிட்டு விற்பவன். இதை நான் சொல்லவில்லை. எழுதி வைக்கிறேன்.

சனி, 9

கிளினிக். தாதி நல்ல பெண். சென்சர் ஒன்று போட்டுப் பாருங்கள், எது தின்றால் எவ்வளவு ஏறுகிறது என்று நீங்களே பார்க்கலாம் என்றாள். மேல்கையின் பின்பக்கம் ஒட்டும் வட்ட வில்லை. இரண்டு வாரம் இருக்கும். சர்க்கரை அளவு கைத்தொலைபேசியில் வந்துகொண்டே இருக்கும். இரண்டு வாங்கினேன்.

மலர் தன் தொலைபேசியையும் சேர்த்துவிடச் சொன்னாள். சேர்த்தாயிற்று. என் சர்க்கரை ஏறினால் அவளுக்கும் மணி அடிக்கும். திருமணம் முழுமையடைந்தது.

வாங்க வேண்டியது: பல் துலக்கி, கார் வாசனை டப்பா, கடலை.

சனி, 16

தூறல்.

ஒரு வாரமாக ஆராய்ச்சி. பாடத்துக்கும் பாடத்துக்கும் இடையில் காரில் உட்கார்ந்து.

கிராக்கர், ஒரு பாக்கெட்: அம்புக்குறி நேராக மேலே. மலரின் மணி. மலரின் போன். "பிரபு கொடுத்ததைத்தான் தின்னேன்" என்றேன். போனை வைத்துவிட்டாள்.

அவித்த கடலை, ஒரு கைப்பிடி: அசையவில்லை.

மறுபடி கிராக்கர், பாதி பாக்கெட்: மறுபடி ஏற்றம்.

கொண்டைக்கடலை சுண்டல்: கொஞ்சம் எழுந்து, தானே படுத்துக்கொண்டது.

கடலையும் செடிதான். சுண்டலும் செடிதான். செடியின் மேல் குற்றம் இல்லை. அதை மாவாக்கி, பொரித்து, உப்பைக் கொட்டி, மேலே இலை படம் போட்டவன் மேல்தான் குற்றம். அதை என் காலடியில் வைத்தவன் மேல் பெரிய குற்றம்.

முறுக்கும் தின்று பார்த்தேன். அதுவும் கிராக்கர் அளவுக்கு ஏற்றுகிறது. இதை யாரிடமும் சொல்லப்போவதில்லை.

வெறும் வாயை மென்றவனுக்கு அவல் கிடைத்துவிட்டது. எல்லாவற்றையும் படம் எடுத்து வைத்திருக்கிறேன்.

புதன், 27

ஃபேரர் பார்க்கில் பிரபுவைப் பிடித்தேன். அங்கே ஒரு வீடு காட்டிவிட்டு டீ குடிக்க வந்தான். படங்களை வரிசையாகக் காட்டினேன். முகம் வாடும் என்று காத்திருந்தேன். வாடவில்லை. சிரித்தான்.

"உங்க உடம்பு already கெட்டுப்போச்சு அண்ணே. எதைத் தின்னாலும் ஏறத்தான் செய்யும் லா. நல்ல உடம்புக்கு ஒண்ணும் ஆகாது."

நல்ல உடம்பு. டீக்கடையில் எல்லாரும் திரும்பிப் பார்த்த மாதிரி இருந்தது. ஒருவரும் பார்த்திருக்க மாட்டார்கள். ஆனாலும்.

அப்படியானால் நீ சென்சரைப் போட்டுக்கொண்டு அதே கிராக்கரைத் தின்று காட்டு என்றேன். இரண்டாவது சென்சர் பையிலேயே இருந்தது. கொஞ்சம் யோசித்தான். பிறகு வீறாப்பு. வரும் ஞாயிறு அல்ல, அதற்கடுத்தது, மாமியார் வீட்டில் எல்லார் முன்னாலும் முடிவு. தோற்றவன் தன் வாயாலேயே ஒப்புக்கொள்ள வேண்டும். அதுவரை யாருக்கும் தெரியக்கூடாது, தேன்மொழிக்குக் கூட. அவன் கேட்ட நிபந்தனை. எனக்கும் அதுதான் வேண்டும், சொல்லிவிட்டுப் போட்டால் என்ன சுவை.

அவன் போன் அந்தச் செயலிக்கு ஒத்துவரவில்லை. என் பழைய போனைக் கொடுத்தேன், என் கணக்கிலேயே. அவன் அளவு எனக்கும் தெரியும். காருக்குள் வைத்து என் கையாலேயே அவன் கையில் ஒட்டினேன். ஒட்டும்போது கண்ணை மூடிக்கொண்டான். கோழை.

என்னுடையது சனிக்கிழமையே காலாவதி. கழற்றாமல் விட்டிருக்கிறேன். இரண்டாவது எங்கே என்று மலர் கேட்டால் இதுதான் என்று சொல்லிக்கொள்ளலாம்.

வெள்ளி, 29

மாலை பாடத்தில் இருந்தேன். பையன் பின்னால் எடுத்து நிறுத்திக்கொண்டிருக்கிறான், மலரின் அழைப்பு. மணி அடித்ததாம். என்ன தின்றேன் என்று கேட்டாள். தண்ணீர்தான் குடித்தேன். சத்தியம் செய்தேன். அவள் நம்பவில்லை. பையன் தூணில் இடித்தான்.

பிறகுதான் உறைத்தது. கணக்கு என்னுடையது. மணி மலருக்கும் போகும். ஏறியது அவன் சர்க்கரை.

திறந்து பார்த்தேன். அம்புக்குறி நேராக மேலே. நல்ல உடம்பாம்! காரில் உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தேன். பையன், அவனைப் பார்த்துச் சிரிக்கிறேன் என்று நினைத்திருப்பான். பாவம், திங்கட்கிழமை சமாதானம் சொல்ல வேண்டும்.

மலரிடம் சொல்லலாம். சொன்னால் ஒரு மணி நேரத்தில் தேன்மொழிக்குத் தெரியும், பிரபு சென்சரைப் பிடுங்கி எறிந்துவிடுவான், எல்லாம் வீண். பொறுத்தார் பூமி ஆள்வார். திட்டு வாங்கிக்கொள்கிறேன்.

செவ்வாய், 2

மணி: நேற்று இரண்டு முறை, இன்று மூன்று. மலர் என் சட்டைப் பையைத் துழாவுகிறாள். காரின் இருக்கைக்கு அடியில் பார்த்தாள். கிடைத்தது ஒரு கடலைத் தோல், ஒரு பழைய கார்நிறுத்தச் சீட்டு. இருபத்திரண்டு வருடத்தில் ஒரு நாளும் என் போனை எடுத்துப் பார்க்காதவள், இப்போது தின்பண்டத்துக்காக எடுத்துப் பார்க்கிறாள்.

"எனக்குத் தெரியாம என்னங்க தின்றீங்க?" கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அழுதாள். அவள் ஒரு வாரமாகச் சோறே அளந்து போட்டுக்கொள்கிறாள், எனக்குத் துணையாக. எனக்குத் தெரியாது.

இதையும் பிரபுவின் கணக்கில் சேர்க்கிறேன்.

வியாழன், 4

விடியுமுன் மணி. மலரும் நானும் ஒன்றாக எழுந்தோம். இராத்திரி முழுக்க அவள் பக்கத்தில்தான் கிடந்தேன். மலர் என்னைப் பார்த்தாள், போனைப் பார்த்தாள். "தூக்கத்துலயுமா?" என்றாள். மெஷின் கெட்டிருக்கும் என்றேன்.

கழிப்பறையில் போய்ப் பார்த்தேன். எழுந்து ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காத நேரத்தில் அந்த எண். இது கிராக்கர் இல்லை. எனக்குத் தெரியும். என்னுடையதைக் கண்டுபிடித்தபோதும் விடியற்காலை எண்தான் இப்படி இருந்தது. இது என்னுடையதைவிட மோசம்.

சந்தோஷமாகத்தான் இருந்தது. மறைப்பானேன். ஊருக்கு உபதேசம் செய்தவன்.

மதியம் மார்சிலிங்கில் எங்கள் வீடு வரை அவனே வந்தான். அடுக்குமாடிப் புளோக்கின் கீழே கல் மேசையில் காத்திருந்தான். முழுக்கை சட்டை, இந்தப் புழுக்கத்தில். மெஷின் கெட்டுவிட்டது என்றான். பிறகு அவனே, அதைக் கழற்றிவிட்டு மருந்துக்கடையில் விரலைக் குத்திப் பார்த்ததாகச் சொன்னான். அதே எண். கொஞ்ச நாளாக இரவில் நாலு தடவை எழுகிறானாம். இளைத்ததும் அதனால்தானோ என்று கேட்டான். பத்து கிலோ! தேகப்பயிற்சி என்று எங்களிடம் அளந்த பத்து கிலோ.

"எங்கப்பாவுக்குக் கால் எடுத்தாங்க அண்ணே. உங்களுக்குத் தெரியும்ல?"

தெரியும். அவன் கல்யாணத்தில் அவர் சக்கர நாற்காலியில் இருந்தார். தாலி எடுத்துக் கொடுக்க இரண்டு பேர் தூக்கினார்கள். நாற்காலியின் ஒரு பக்கம் தூக்கியது நான்.

டாக்டரிடம் போ என்றேன். போகிறேன், போகிறேன், கொஞ்சம் நாள் ஆகட்டும் என்றான். டாக்டர் சொல்லிவிட்டால் உண்மையாகிவிடுமாம். ஐம்பது வயதுக்காரன் பேச்சு. பிறகு, ஞாயிற்றுக்கிழமை எதுவும் சொல்ல வேண்டாம் என்று கேட்டான். தேன்மொழி தாங்க மாட்டாள் என்றான்.

எழுந்து மேலே வந்துவிட்டேன். என் எண்ணை வாசித்தபோது மலர் தாங்குவாளா என்று இவன் யோசித்தானா?

ஞாயிறு, 7

மழை இல்லை. வெயிலும் இல்லை. மாமியார் வீடு. அதே மீன் குழம்பு, அதே எதிர்வீட்டுக்காரர்.

காலையில் சட்டை மாற்றும்போதே எல்லாப் படத்தையும் ஒரே இடத்தில் சேர்த்துவைத்தேன். ஒரு தட்டுத் தட்டினால் குடும்பக் குழுவுக்குப் போய்விடும். மாமியார், மூன்று மைத்துனர்கள், சென்னையில் இருக்கும் சித்தப்பா வரை. வழி முழுக்க மனதுக்குள் பேசிப் பழகினேன். "நல்ல உடம்பு" என்று எங்கே அழுத்த வேண்டும் என்றுகூட.

பிரபு மூலையில். முழுக்கை சட்டை. ஒரு கரண்டிக்கு மேல் சோறு போட்டுக்கொள்ளவில்லை. யாரையும் எதற்கும் கண்டிக்கவில்லை. தேன்மொழி உடம்பு சரியில்லையா என்று கேட்டாள். வேலை என்றான்.

நான் ஆரம்பிப்பதற்குள் மலர் ஆரம்பித்துவிட்டாள். தன் போனை எடுத்து அம்மாவிடம் நீட்டினாள். ஒரு வாரத்தில் அடித்த மணி எல்லாம் அதில் வரிசையாக. இவர் ஒளிந்து தின்கிறார், கேட்டால் பொய் சொல்கிறார், நான் என்ன செய்யட்டும் என்றாள். குரல் உடைந்தது. பந்தி முழுக்க என்னைப் பார்த்தது. எதிர்வீட்டுக்காரர் உச்சுக்கொட்டினார்.

என் போன் கையில். ஒரு தட்டு. நான் சுத்தம், அவன் அசிங்கம். மாமியார் முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுப்படிக்குப் போவது இந்த முறை அவனுக்காக இருக்கும். நினைக்கவே இனித்தது. அவன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான், சோற்றை ஒரு பக்கம் ஒதுக்கி, மறுபடி இன்னொரு பக்கம் ஒதுக்கி. காது இரண்டும் சிவந்திருந்தன. இன்னும் நான் ஒன்றும் சொல்லவே இல்லை.

வாயைத் திறந்தேன். "ஜாங்கிரி" என்றேன். "தேக்கா கடையில. தினமும்."

ஏன் சொன்னேன் என்று இப்போதும் தெரியவில்லை. என்மேல் எனக்கே ஆத்திரம். இவ்வளவு நாள் கறுவி, படம் எடுத்து, பழகி, கடைசியில் தின்னாத ஜாங்கிரிக்குத் திட்டு. மலர் திரும்பும் வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசவில்லை. இப்போதும் பேசவில்லை. அவளிடம் மட்டும் சொல்ல வேண்டும். அது பிரபுவைப் பொறுத்தது.

ஏனென்றால், கை கழுவும்போது அவனைப் பிடித்தேன். நாளைக் காலை பாலிகிளினிக், நானும் வருவேன் என்றேன். வேலை இருக்கிறது என்றான். போனைக் காட்டினேன். படங்கள் தயாராக, என் கட்டைவிரல் மேலே.

"எட்டு மணிக்குக் கீழ நிக்கலேன்னா, எட்டு அஞ்சுக்கு சென்னை சித்தப்பா பார்ப்பார்."

அவன் கண் கலங்கியது. பயமா, நன்றியா, எனக்கென்ன. கையைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்குப் போனான்.

கூடத்துக்குத் திரும்பியபோது முறுக்குத் தட்டு சுற்றிக்கொண்டிருந்தது. மாமியார் என்னை விட்டுவிட்டு அடுத்தவருக்குக் கொடுத்தார். பிரபு எழுந்து வந்தான், போன முறை மாதிரியே. தட்டை வாங்கினான். எல்லாருக்கும் அடுத்து என்ன வரும் என்று தெரியும். எதிர்வீட்டுக்காரர் தயாராகிவிட்டார்.

என் முன்னால் வந்து நின்று தட்டை நீட்டினான். "ஒண்ணு எடுத்துக்குங்க அண்ணே."

தேன்மொழி அவனைப் பார்த்தாள். மலர் என்னைப் பார்த்தாள்.

"நாளைக்கு எட்டு மணி?" என்றேன், அவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

தலையாட்டினான்.

முறுக்கு எனக்கு வேண்டாம், அது ஏற்றும். ஆனால் உடனே வேண்டாம் என்று சொல்லவில்லை. தட்டு கனமான எவர்சில்வர் தட்டு. பிடித்துக்கொண்டு நிற்கட்டும் என்று விட்டேன்.