வெள்ளிக்கிழமை வரை குத்திய முத்திரை

பிப்ரவரி 9

அன்புள்ள கோஹெய்க்கு,

இங்கே நானும் உன் தங்கை மினோரியும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம். அந்தக் குளிர் தேசத்தில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்கிறாய் என்று நம்பி எழுத உட்கார்ந்திருக்கிறேன். மலைச்சரிவில் ஆரஞ்சுப் பறிப்பு முடிந்துவிட்டது. என் பஸ்ஸில் இப்போது பறிப்பு ஆட்கள் ஏறுவதில்லை, ஆஸ்பத்திரிக்குப் போகிற வயதானவர்கள்தான். நார்வே மீன் இங்கே கடைகளில் வரும்போதெல்லாம் இது உன் தொழிற்சாலையில் உன் கை பட்டு வந்ததாக இருக்குமோ என்று மினோரி பெட்டியைத் திருப்பிப் பார்க்கிறாள். என் முதுகுவலி அப்படியேதான் இருக்கிறது, கூடவும் இல்லை குறையவும் இல்லை. இதெல்லாம் வழக்கமான சேதி. இந்தத் தடவை உன்னிடம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது, அதைச் சொல்லாமல் மற்றதை எழுதக் கை வரவில்லை.

போன வருஷம் முழுக்க உனக்கு எழுதிய கடிதங்களில், மினோரி தினமும் பாடம் வாசிக்கிறாள், நான் உட்கார்ந்து கேட்கிறேன் என்று எழுதினேன். அது பொய். பள்ளியில் கொடுக்கும் வாசிப்பு அட்டையை நீ மறந்திருக்க மாட்டாய், உனக்கும் ஆறு வருஷம் அம்மா அதில் முத்திரை குத்தினாள். வீட்டில் பாடத்தைச் சத்தமாக வாசிக்க வேண்டும், பெரியவர் ஒருவர் கேட்க வேண்டும், குரல் எப்படி, நிறுத்தி வாசித்தாளா, நிமிர்ந்து உட்கார்ந்தாளா என்று கட்டம் கட்டமாக வட்டம் போட்டு, கடைசியில் வீட்டு முத்திரை. அம்மா அடுப்பைப் பார்த்து நின்றபடி கேட்பாள், திரும்பாமலே, சரி, அப்புறம் அவன் ஏன் அங்கே போனான், அவளுக்குக் கோபமா வருத்தமா என்று கேட்டுக்கொண்டே இருப்பாள், நீ கூட எரிச்சல்படுவாய். அவள் கண்ணை மூடிய பிறகு அந்த வேலை எனக்கு வந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அட்டையை எடுத்து, திங்கள் முதல் வெள்ளி வரை ஐந்து கட்டத்திலும் மிக நன்று என்கிற இரட்டை வட்டம் போட்டு, முத்திரையும் குத்தி அவள் பையில் வைத்துவிடுவேன். வாரம் முழுக்க வேலை முடிந்தது. மாலை வண்டி ஓட்டுகிறேன், எட்டு மணிக்குத்தான் வருகிறேன் என்று அவளிடம் சொன்னேன். எனக்கே அப்படித்தான் சொல்லிக்கொண்டேன்.

டிசம்பர் முதல் வாரத்தில் மினோரியின் வகுப்பில் பாதிப் பேருக்குக் காய்ச்சல் வந்து, செவ்வாய்க்கிழமையோடு வகுப்பை அந்த வாரத்துக்கு மூடிவிட்டார்கள். வீட்டுக்கு அனுப்புவதற்கு முன் நாரசாகி டீச்சர் எல்லார் அட்டையையும் வாங்கிப் பார்த்திருக்கிறார். மினோரி வெள்ளிக்கிழமை எப்படி வாசிக்கப்போகிறாள் என்று நான் அதற்குள் இரட்டை வட்டம் போட்டு வைத்திருக்கிறேன். மறுவாரம் என்னைக் கூப்பிட்டார். அந்தச் சின்ன நாற்காலியில் முட்டி இடிக்க உட்கார்ந்திருந்தேன். டீச்சர் அட்டையை என் முன்னால் வைத்து, மினோரி அப்பா, உங்களுக்கு ஜோசியம் வருமா என்று மட்டும் கேட்டார். சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகு சொன்னதுதான் என்னை உலுக்கிவிட்டது. மினோரியின் பரீட்சைத் தாளை எடுத்துக் காட்டினார். பக்கத்து வீட்டுக்காரனோடு சண்டை போட்ட ஒரு மனிதன், மறுநாளிலிருந்து மூன்று நாள் அவன் மதில் மேல் சத்தமில்லாமல், தன் மரத்தில் காய்த்த, தக்காளி போலிருக்கும் காக்கிப் பழம் ஒன்றை வைத்துவிட்டுப் போகிறான், அதுதான் கதை. ஏன் வைக்கிறான் என்று கேள்வி. மதில் மேல் இடம் இருந்ததால் என்று உன் தங்கை எழுதியிருக்கிறாள். கதையில் மதில் அகலமானது என்று ஒரு வரி இருக்கிறது, அதை அப்படியே எடுத்து எழுதிவிட்டாள். டீச்சர் சொன்னார், இவ ஒரு எழுத்து தப்பு விடாம வாசிக்கிறா, வகுப்புலயே இவ குரல்தான் நல்ல குரல், ஆனா கதை இவளுக்குள்ள போகவே இல்ல, கணக்குலயும் கூட்டல் பெருக்கல் சரி, கதையா கேட்டா பேப்பர் வெள்ளையா வருது, அடுத்த வருஷம் ஆறாவது, அதுக்கப்புறம் பெரிய பள்ளிக்கூடம், இப்பவே பிடிக்கலைன்னா எல்லாப் பாடமும் இவளுக்கு வெறும் சத்தமாப் போயிடும் என்று. இன்னொன்றும் சொன்னார். விளையாட்டு நேரத்தில் சிநேகிதிகள் அழுதால்கூட மினோரி ஏன் என்று கேட்பதில்லையாம், பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருக்கிறாளாம்.

வீட்டுக்கு வந்து அவளிடம், நான் முத்திரை குத்திய பிறகு நீ வாசிக்காமலே இருந்துவிட்டாயா என்று கேட்டேன். தினமும் வாசிச்சேன்பா என்றாள். யாருமில்லாத சமையலறையில் நின்று, முழுப் பாடத்தையும், சத்தமாக. எதுக்கும்மா என்றேன். நீங்க குத்திட்டீங்களே, நான் வாசிக்கலைன்னா அது பொய்யாயிடும்ல என்றாள். கோஹெய், நான் எழுந்து குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன்.

காலை வண்டி கேட்டால் டிப்போவில் கொடுத்திருப்பார்கள், நான் கேட்டதே இல்லை. அவள் வாசிப்பதைக் கேட்டால் அடுப்புப் பக்கம் பார்க்க வேண்டியிருக்கும், அங்கே அம்மா நிற்க மாட்டாள், அதுதான் நிஜம். மறுநாளே போய்க் கேட்டேன். என்ன தெத்சு, அஞ்சாங்கிளாஸ் மறுபடி எழுதப் போறியா என்று சூப்பர்வைசர் கிண்டல் செய்துவிட்டு மாற்றிக் கொடுத்தார். இப்போது தினமும் ஐந்தரைக்கு உட்காருகிறோம். வாசித்து முடித்ததும் புத்தகத்தை மூடிவிட்டு உன் சொந்த வார்த்தையில் சொல்லு, சொல்வது எந்த வரியில் இருக்கிறது என்று விரல் வைத்துக் காட்டு, அந்த ஆள் சொல்லாமல் விட்டது என்ன என்று தேடு, இவை மூன்றும் டீச்சர் சொல்லிக் கொடுத்தவை. முதல் இரண்டு வாரம் எனக்கே ஒன்றும் ஓடவில்லை. காக்கிப் பழம் வைத்தவன் கதையில் நான், பழம் அதிகமாகக் காய்த்திருக்கும், வீணாகக் கூடாதென்று வைத்திருப்பான் என்றேன். மினோரி என்னை ஏற இறங்கப் பார்த்து, அப்பா, மரத்துல மூணே பழம்தான்னு இருக்கு, கண்ணைத் திறந்து வாசிங்க என்றாள். அதற்கு மறுநாள் அவளாகவே வந்து, மன்னிப்புக் கேட்க அவனுக்கு வாய் வரலை, அதான் பழம் என்று சொல்லிவிட்டுப் போனாள். நான் அட்டையில் அன்றைக்கு மட்டும் மூன்று வட்டம் போட்டேன்.

போன வாரம் உன் கடிதம் வந்தது. மார்ச்சில் லீவு கிடைக்காது, வேலை அதிகம் என்று எழுதியிருந்தாய். பாவம் பிள்ளை, என்ன செய்வான் என்று நான் மடித்து வைத்துவிட்டேன். மினோரி அதைக் கேட்டு வாங்கி, பாடம் வாசிப்பது போலவே நின்று நான்கு பக்கமும் வாசித்தாள். மடித்தாள். பிறகு சொன்னதை அப்படியே எழுதுகிறேன். அப்பா, அண்ணன் உங்க முதுகைக் கேட்டிருக்கு, என் பல்லைக் கேட்டிருக்கு, பக்கத்து வீட்டுப் பூனையைக் கூடக் கேட்டிருக்கு, அம்மா ஒரு வரியிலயும் இல்ல, மார்ச்ல அந்தச் சமயத்துலன்னு எழுதியிருக்கு, என்ன சமயம்னு எழுதலை, லீவு கிடைக்காதுன்னு இருக்கு, கேட்டுப் பாத்தேன்னு இல்ல. ஒவ்வொன்றுக்கும் விரல் வைத்துக் காட்டினாள். அண்ணன் வராததுக்கு வேலை காரணம் இல்லப்பா, நீங்க மாலை வண்டின்னு சொன்னீங்கல்ல, அந்த வேலைதான் இது என்றாள். அதே கடிதத்தை நான் இரண்டு தடவை வாசித்திருந்தேன்.

அம்மாவின் இரண்டாம் வருஷ நினைவு நாள் மார்ச் பதினான்கு, சனிக்கிழமை. காலை பத்து மணிக்குக் கோயிலிலிருந்து பிக்கு வருகிறார். உனக்கு ஒரு குறையும் வராமல், நல்ல உடம்போடும் நல்ல மனதோடும் இருக்க வேண்டும் என்று தினமும் அம்மா படத்துக்குச் சோறு வைக்கும்போது வேண்டிக்கொள்கிறேன். காதை மூடித் தொப்பி போட்டுக்கொண்டு வெளியே போ, ஈரக் காலுறையோடு நிற்காதே. மினோரி உன்னைத் தப்பாகப் படித்திருந்தால், எந்த வரியில் தப்பு என்று அவளுக்கே எழுதித் திருத்து. சரியாகப் படித்திருந்தால் எழுத வேண்டாம், வந்துவிடு.

உன் அப்பா,
தெத்சுரோ