குருவுக்கு விழுந்த அடி

கிணத்துக்கடவு,
12-8-94

அன்பு மகள் மோகனப்பிரியாவுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகம். உன் வானாய்வுக்கூடம் இருக்கும் மலை மேல் குளிர் அதிகம் என்றாய். ஸ்வெட்டரைப் பெட்டியிலேயே வைத்திருக்காமல் எடுத்துப் போட்டுக்கொள்.

பதறாமல் படி. பொள்ளாச்சி மாப்பிள்ளை வீட்டார் இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று ஆள் விட்டுச் சொல்லிவிட்டார்கள். ஆவணியில் உப்புச் சக்கரை மாற்றி உறுதி செய்வதாக இருந்ததும் நின்றுபோனது. எல்லாம் நீ அனுப்பிய வியாழன் கிரகப் படங்களால் வந்தது.

போன வாரம் மாப்பிள்ளையின் அம்மா ராசாத்தாள் சும்மா பார்த்துவிட்டுப் போகத்தான் வந்தார்கள். அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. வால்நட்சத்திரம் மோதின குருவை எங்க அம்மணியே படம் புடிச்சாளுங்க என்று எடுத்து நீட்டினார். கீழ்ப்பக்கம் திட்டுத் திட்டாகக் கறுத்திருந்ததைப் பார்த்ததும் அந்த அம்மாவின் முகம் மாறிவிட்டது. ஏனுங்க, குருவுக்கே அடி உழுந்து கெடக்குது, இதுல குருபலன் எங்கிருந்துங்க வரும் என்று கேட்டார்கள். அப்பா விடுவாரா? இது கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சத்தில் எடுத்தது, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியில் எடுத்தால் அதே இடங்கள் பளிச்சென்று இருக்கும் என்று, நீ எழுதியிருந்ததை அப்படியே ஒப்பித்து இன்னொரு படத்தையும் காட்டினார். அப்படின்னா இன்னும் எரிஞ்சுட்டுத்தானுங்க இருக்குது என்று சொல்லி அவர்கள் எழுந்துவிட்டார்கள். ஆறிப்போன காபியை நான்தான் குடித்தேன்.

எனக்கு அழுகை வரவில்லை, கண்ணு. கல்யாணம் ஆனதும் நீ வேலையை விட்டுவிட வேண்டும் என்று அவர்கள் சொன்ன நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. போனில் சொன்னபோது நீ சரிங்கம்மா என்றாய். நிறுத்து என்றாலும் நிறுத்தாமல் கிரகங்களைப் பற்றிப் பேசுகிறவள், அன்றைக்கு வேறு ஒரு வார்த்தை பேசவில்லை. இப்போதுதான் நிம்மதியாக மூச்சு விடுகிறேன்.

அப்பா நேற்று இரண்டு படங்களையும் சட்டம் போட்டு வந்து வாசலுக்கு நேரே மாட்டிவிட்டார். இனிப் பொண்ணுக் கேட்டு வாரவங்க மொதல்ல இதைப் பாத்துப்போட்டு உக்காரட்டும் என்கிறார்.

மேகம் வந்தால் படம் எடுக்க முடியாது என்று எழுதியிருந்தாய். தென்னந்தோப்பு காய்கிறதே என்று மழை கேட்கத்தான் மாரியம்மன் கோயிலுக்குப் போனேன். ஊரெல்லாம் பெய்யட்டும், என் மகள் இருக்கிற மலையை மட்டும் விட்டுவிடு தாயே என்று கேட்டுவிட்டு வந்தேன்.

இப்படிக்கு
உன் அம்மா
சாந்தாமணி