நாப்பத்தேழு பர்சன்ட்டுல புடுங்கின ப்ளக்கு

கவரைப்பேட்டை
20-11-2025, வியாழக்கெழமை

அன்பு மகள் தேவதர்ஷினிக்கு அம்மா மணியம்மாள் எழுதிக்கொண்டது. உங்க நைனாவுக்கு காய்ச்சல் கீய்ச்சல் எதுவும் இல்ல, நான் ஏதோ இருக்குறேன், நீ அந்தக் குளுருல சளி இருமல் புடிக்காம வேளைக்கு சாப்புட்டுக்கினு நல்லா இருக்குறியான்னு அதே நெனப்புதான் எனக்கு. ஃபோன் இருக்கச்சொல்லோ அம்மா எதுக்கு தாளுல எழுதுதுன்னு கேப்பே. நம்ம ஊடு இருக்குற லட்சணத்துக்கு நான் எந்த மூலையில நின்னுக்கினு பேசினாலும் கட்டுலுக்குக் கேக்கும். உங்க நைனாவுக்கு வாய்தான் போச்சு, காது ரெண்டும் பாம்புக் காது. அவரு கேக்கக்கூடாத விசயம், அதான் எழுதுறேன். எழுதி முடிச்சதும் தாளு தாளா ஃபோட்டோ புடிச்சு வாட்ஸாப்புல அனுப்புறேன், எழுத்து கோணலா இருந்தா பெருசு பண்ணிப் படி.

மொதல்ல ஒண்ணு சொல்லிடறேன் கண்ணு, ரெண்டு ஞாயித்துக்கெழமையா நெட்டு இல்ல அதனாலதான் நைனா மெசேஜ் போடலன்னு சொன்னேனே, அது பொய். நெட்டு நல்லாத்தான் இருக்குது. கம்ப்யூட்டரு செத்துப்போச்சு. சாகடிச்சது நான்தான். எது ஆனாலும் அப்டேட் ஓடச்சொல்லோ மட்டும் ப்ளக்கைப் புடுங்காதேம்மான்னு ஏர்போர்ட்டுக்குப் போற அன்னிக்கிக்கூட சொல்ட்டுப் போனியே, அதையேதான் பண்ணிட்டேன். சொன்னா லீவு போட்டுக்கினு ஓடிவந்துடுவே, வேலைக்கு சேந்து இன்னும் ஆறு மாசம் ஆவல, அனுப்பிடுவானோன்னு பயந்து மறைச்சேன். இப்ப நான் உக்காந்துக்கினு இருக்குறது கவரைப்பேட்டை ஸ்டேஷனுக்கு அந்தாண்ட, லாரிங்களை ஏத்தி எடை போடற எடத்துக்குப் பக்கத்துல ஒரு கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையில. பீட்டர்னு ஒருத்தரு, அம்பது வயசுக்கு மேல இருக்கும், எடை மேடைங்கள்ல இருக்குற கம்ப்யூட்டருங்க எல்லாம் அவருதான் பாக்குறாராம். நம்ம பொட்டி மூணு நாளா அவரு மேஜை மேல தொறந்து கெடக்குது.

நடந்தது இதுதான். இந்த மாசம் மூணாந்தேதி திங்கக்கெழமை சாயங்காலம் உங்க நைனா டைப் அடிக்க ஆரம்பிச்சாரு. நீ வச்சுக் குடுத்த பட்டன்ல வெரலை வச்சுக்கினு, எழுத்து ஒவ்வொண்ணா வெளிச்சம் வர வரைக்கும் காத்துக்கினு, ஒரு வரி அடிக்க அவருக்கு கால் மணி நேரம் ஆவும், உனக்குத் தெரியும். அடிச்சு முடிச்சதும் பொட்டி படிச்சுது, என்னை ஹோமில் சேர்த்துவிடு, நீ தர்ஷினியிடம் போ, அப்டின்னு. அந்தக் கொரலு எந்த விசயத்தையும் ஒரே மாதிரிதானே சொல்லும், சுடுதண்ணி வேணும்னு சொல்ற மாதிரியே சொல்லிச்சு. எனக்கு எங்கிருந்து வந்துச்சோ அவ்ளோ கோவம். ரெண்டு வருசமா மூத்திரம் மலம் அள்ளி, தொண்டைக் குழாயை மணிக்கு ஒருதரம் சுத்தம் பண்ணி, இதுக்கா நான் இருக்குறேன்னு கத்தினேன். அவரு அடுத்த வரிய அடிச்சுக்கினே இருந்தாரு. நான் அதைப் பாக்கவே இல்ல. இந்தப் பொட்டிய மூடினாத்தான் இந்த ஊட்டுல நிம்மதின்னு சொல்ட்டு ஏந்து வெளிய போய் துர்காதேவி ஊட்டு வாசல்ல உக்காந்துக்கினேன். அதான், பக்கத்து போர்ஷனுக்குப் புதுசா வந்திருக்குதே, தேர்வாய் கண்டிகையில டயர் கம்பெனிக்குப் போவுதே, அந்தப் பொண்ணு.

மறுநாளு மதியம் கரன்ட்டு போச்சு. கம்ப்யூட்டரு தானே அப்டேட் போட ஆரம்பிச்சு நீலமா வட்டம் சுத்திக்கினு இருந்துச்சு, நாப்பத்தேழு பர்சன்ட்டுன்னு காட்டிச்சு, அது இன்வெர்ட்டர்ல ஓடுது. அந்த நேரம் பாத்து அவருக்கு சளி அடைச்சிக்கிச்சு. மொகம் கறுத்துப்போய் கண்ணு மேல ஏறுது. சளி உறிஞ்சுற மெஷினைப் போட்டா இன்வெர்ட்டரு கீ கீன்னு கத்துது, ரெண்டையும் தாங்கல, மெஷினு ஓடவே மாட்டேங்குது. நான் இன்னா பண்ணுவேன் சொல்லு. கம்ப்யூட்டரு ப்ளக்கை இழுத்துப் புடுங்கினேன். மெஷினு ஓடிச்சு, சளி வந்துச்சு, மூச்சு வந்துச்சு. தெரை கறுப்பா இருந்துச்சு. அவரு தெரையைப் பாத்தாரு, என்னைப் பாத்தாரு, கண்ணை மூடிக்கினாரு. அவ்ளோதான் கண்ணு. அன்னையில இருந்து அவரு எனக்கு பதிலே சொல்லல. ஒருதரம் கண்ணை மூடினா ஆமா, ரெண்டுதரம் மூடினா இல்லன்னு வச்சிருந்தோமே, அதுவும் இல்ல. என் மேல கோவமான்னு எத்தினிவாட்டி கேட்டிருப்பேன், நான் வேணும்னு புடுங்கலய்யா உன் மூச்சுக்காகத்தான் புடுங்கினேன், நம்புறியா இல்லியான்னு கால்ல வுழாத கொறையா கேட்டேன். சொவத்தையே பாத்துக்கினு கெடக்குறாரு. மொத நாளு பொட்டிய மூடறேன்னு சொன்னவ மறுநாளு மூடிட்டா, அப்டித்தானே நெனைப்பாரு, வேற யாரா இருந்தாலும் அப்டித்தான் நெனைப்பாங்க.

கரன்ட்டு வந்தப்புறம் போட்டா, மாத்தினதை எல்லாம் திருப்பி எடுக்குறேன், ஆஃப் பண்ணாதீங்கன்னு இங்கிலீஷ்ல காட்டிச்சு, காட்டிட்டு தானே அணைஞ்சு தானே எரிஞ்சு மறுபடி அதையே காட்டிச்சு. ஒரு நாள் முழுக்க அப்டியே சுத்த வுட்டேன். அப்பாலே ஃபோன்ல வீடியோவா பாத்தேன், சத்தத்தைக் கொறச்சு வச்சு, எழுத்தை மட்டும் படிச்சு. மூணுதரம் பாதியில அணைச்சுப் போட்டா ரிப்பேரு பண்ற பக்கம் வரும்னு ஒருத்தன் சொன்னான், வந்துச்சு. தானே சரி பண்ணிக்கும்னு இருந்ததை அமுக்கினேன், முடியலன்னு சொல்லிடுச்சு. கடைசியா போட்ட அப்டேட்டை எடுன்னு இருந்ததை அமுக்கினேன், அதுவும் முடியல. இன்னொரு நாளு சேஃப் மோடுன்னு ஒண்ணுல தொறந்துச்சு, அப்டேட்டு எறங்கி வர்ற ஃபோல்டரை அழிச்சா தீந்துடும்னு வீடியோவுல சொன்னபடி பாத்துப் பாத்து அழிச்சேன். அணைச்சுப் போட்டேன். திரும்பவும் அதே வட்டம். பட்டனு அவரு வெரலுக்கு அடியிலயே இருக்குது, வெரலு அதுமேலயே இருக்குது, அமுக்கினா ஒண்ணும் ஆவாதுன்னு அவருக்கும் தெரியும். எட்டாவது நாளோ ஒம்போதாவது நாளோ, சோத்துக் கஞ்சிய ட்யூப்ல ஊத்திக்கினு இருக்கச்சொல்லோ, நான் அழுதுட்டேன். அவரு எதிர்ல இதுவரைக்கும் அழுததில்ல.

இந்த வாரம் முழுக்க துர்காதேவிக்கு நைட் ஷிப்டு, பகல்ல ஊட்டுலதான் இருக்குது, திங்கக்கெழமை அண்ணனை நான் பாத்துக்கறேன் நீங்க போங்கக்கான்னு சொல்லிச்சு. சளி மெஷினைப் போட அதுக்குக் கத்துக்குடுத்துட்டு, பொட்டிய பெட்சீட்டுல மூட்டை கட்டி கும்மிடிப்பூண்டியில ரயிலேறி இங்க வந்தேன். பீட்டரு தொறந்து பாத்துட்டு, நீங்க புடுங்கினது மட்டும் காரணம் இல்லம்மா, டிஸ்க்குல எடமே இல்ல, ஒரு வருசமா ஒவ்வொரு அப்டேட்டும் பாதி ஏறிப் பாதி நின்னுருக்குது, டிஸ்க்கும் அங்கங்க கெட்டுப்போச்சு, எப்டியும் ஒருநாளு படுத்திருக்கும்னு சொன்னாரு. மாசா மாசம் செவப்புல ஏதோ வரும், நான் ஓரத்துல இருக்குற பெருக்கல் குறிய அமுக்கி மூடிடுவேன். உன்கிட்ட ஒருவார்த்தை சொல்லியிருக்கலாம். இப்ப புது டிஸ்க்கு போட்டு சிஸ்டத்தை மொதல்ல இருந்து ஏத்தணும், உள்ள இருக்குறதை வர்ற வரைக்கும் வெளிய இழுக்கப் பாக்குறேன்னு சொன்னாரு. மூணு நாளா இழுத்துக்கினு இருக்குறாரு. நடுவுல லாரி வந்து நின்னா எடை மேடைக்கு ஓடுறாரு.

இன்னிக்கு காலையில நாஷ்டாகூட சாப்புடாம நான் வந்து உக்காந்ததும் என்னைக் கூப்புட்டு, ஹோம் ஒண்ணு, ஹோம் ரெண்டுன்னு வரிசையா பதினோரு ஃபைல் இருக்குது, பன்னண்டாவது பாதியில கெட்டுப்போச்சு, வேணுமா பாருங்கன்னாரு. தொறந்து காட்டினாரு. படிச்சேன். மதிப்பிற்குரிய ஐயா, என் பெயர் சின்னராசு, வயது ஐம்பத்தெட்டு, ரோலிங் மில்லில் கிரேன் ஆபரேட்டராக இருந்தேன், என் மனைவி தினமும் என்னை ஐந்து ஆறு முறை புரட்டிப் போடுகிறாள், அவளுக்கு இடுப்பில் டிஸ்க் விலகியிருக்கிறது, கேட்டால் ஒப்புக்கொள்ள மாட்டாள், ஆகையால் நானே எழுதுகிறேன். அட்ரஸ் போடற எடம் மட்டும் காலி. மொதல் ஃபைலுக்கு ஜூன் மாசத் தேதி. அப்ப நான் பாத்ரூம்ல வழுக்கி வுழுந்தேன், அதுக்கு மறுநாளு. உன்கிட்டயும் அதைச் சொல்லல. ஒவ்வொரு ஃபைலுக்கும் எத்தினி நாளு ஆயிருக்கும் அவருக்கு. நான் பக்கத்துலயே சமைச்சுக்கினு, துணி மடிச்சுக்கினு இருந்திருக்குறேன், உனக்குத்தான் ஏதோ மெசேஜ் போடறாருன்னு நெனச்சுக்கினு. கோவத்துல சொன்ன வார்த்தை இல்ல அது. அஞ்சு மாசமா யோசிச்சு வச்ச வார்த்தை. பீட்டரு தண்ணி கொண்டாந்து வச்சுட்டு வெளிய போய்ட்டாரு. இதுக்கு மேல எழுத வரல கண்ணு.

22-11-2025, சனிக்கெழமை

நேத்து சாயங்காலம் பொட்டி ஊட்டுக்கு வந்துடுச்சு. பீட்டரே ஆட்டோவுல கொண்டாந்து மாட்டிக் குடுத்தாரு. சிஸ்டம் புதுசா ஏத்தியாச்சு, வட்டம் சுத்தல, அப்டேட்டு எல்லாம் முழுசா ஏறி நின்னுச்சு. நீ போட்டிருந்த எழுத்துப் பலகையும் பட்டனும் ரெண்டு மணி நேரம் பேஜாராப்பட்டு வேலை செய்ய வச்சுட்டாரு. படிக்கிற கொரலு மட்டும் வரல. அது எங்கிருந்து எடுத்தாங்க எப்டிப் போட்டாங்கன்னு உங்க பொண்ணுக்குத்தான் தெரியும்னு சொன்னாரு. அதனால இப்ப அவரு அடிக்கிறது தெரையில நிக்குது, அவ்ளோதான், ஊட்டுல சத்தம் இல்ல.

பீட்டரு போனப்புறம் அவரு வெரலை எடுத்து பட்டன் மேல வச்சேன். கட்டுலு பக்கத்துல ஸ்டூலைப் போட்டு உக்காந்துக்கினேன். நான் வேணும்னு புடுங்கலன்னு ஒருவாட்டி மட்டும் சொன்னேன். எழுத்துங்க மேலயும் கீழயும் வெளிச்சம் போட்டுப் போட்டு ஓடுது. அப்பாலே ஆரம்பிச்சாரு. மொதல் வரி முடிய அரை மணி ஆச்சு, பதினேழு நாளுல வெரலு மறந்துபோச்சு போல, தப்புத் தப்பா அமுக்கி அமுக்கி அழிக்கிறாரு. தெரையில இருந்தது இது. மூச்சுக்காகப் பிடுங்கினாய், தெரியும். அடுத்தது, கோபமா என்று கேட்டாய், ஆமாவும் இல்லை, இல்லையும் இல்லை, அதற்கு ரெண்டு கண் போதாது. அதுக்கு அடுத்தது, ப்ளக்குக்கு இல்லை, நான் அடிக்கும்போது நீ எழுந்து போனாய். அடிச்சுட்டு என்னைப் பாத்தாரு. தப்புதான்னு சொன்னேன்.

நான் அதோட முடிஞ்சுதுன்னு நெனச்சேன். முடியல. திரும்பவும் வெரலு போச்சு. இன்னா வரி வரப்போவுதுன்னு எனக்கு மொத எழுத்துலயே தெரிஞ்சுபோச்சு, தெரிஞ்சும் ஏந்துக்கல. அது முடியற வரைக்கும் அங்கயே உக்காந்திருந்தேன். படிக்க கொரலு இல்லாததால அவரு என் மொகத்தையே பாத்துக்கினு இருந்தாரு, நான் படிச்சேனா இல்லியான்னு அவருக்குத் தெரியணும். அதனால நானே வாய் தொறந்து சத்தமா படிச்சேன். என்னை ஹோமில் சேர்த்துவிடு. அவரு வார்த்தையை என் வாயால சொல்ல வேண்டியதாப்போச்சு கண்ணு. ஒருதரம் கண்ணை மூடினாரு, அதுகூட சரியா மூடல. நான் படிச்சது சரிதான்னு சொல்றாரு.

பொன்னேரிப் பக்கம் ஒரு ஹோம் இருக்குது, திங்கக்கெழமை போய்ப் பாத்துட்டு வர்றேன்னு அவருகிட்ட சொல்ட்டேன். விடறேன்னு சொல்லல, பாக்குறேன்னுதான் சொன்னேன். தொண்டைக் குழாய் வச்சவங்களை அங்க எடுப்பாங்களா, ராத்திரியில சளி அடைச்சா யாரு முழிச்சிருப்பாங்க, எதுவும் தெரியாது. எனக்கு மனசு வுட்டுப்போச்சு. பொட்டி சரியானா எல்லாம் சரியாயிடும்னு பதினேழு நாளா அதையே புடிச்சுக்கினு இருந்தேன். பொட்டி சரியாயிடுச்சு.

நீ லீவு போடாதே, வராதே. நாளைக்கு ஃபோன் பண்ணச்சொல்லோ என்கிட்ட எதையும் கேக்காதே, நைனாகிட்டயே கேளு. அவரு அடிச்சு முடிக்கிற வரைக்கும் லைன்லயே இரு, ஒரு மணி நேரம் ஆனாலும் இரு, நடுவுல நீயே முடிச்சுச் சொல்லாதே, அழுவாதே. தெரையில வர்றதை நான் உனக்குப் படிச்சுக் காட்டுறேன், ஒரு எழுத்து மாத்தாம படிப்பேன். அந்தக் கொரலை எப்டிப் போடறதுன்னு பீட்டருக்கு எழுதி அனுப்பு, நம்பரு கடைசித் தாளுல பின்னாடி இருக்குது. காலுக்கு ரெண்டு சாக்ஸு போடு. நீ எடுத்த வேலை கொறையில்லாம நடக்கணும், நல்லவங்க நடுவுல இருக்கணும், ஒடம்பு சுகமா இருக்கணும்னு ரெண்டு பேரோட ஆசீர்வாதமும் உனக்கு எப்பவும் உண்டு.

இப்படிக்கு,
உன் அம்மா
சி. மணியம்மாள்