சாதாரண பிராசசரே போதும்

என்னங்க,

சாவி பக்கத்து வீட்டு சாயிரா அக்காவிடம் இருக்கிறது. ரசத்தை மட்டும் சூடு பண்ணிக்கொள்ளுங்கள்.

லேப்டாப் கடைக்காரர் உங்களுக்குப் போன் செய்வார். வேகமான பிராசசர் வேண்டாம், சாதாரணமே போதும் என்று சொல்லிவிடுங்கள். "கூடப் பத்தாயிரம் ஆனா என்னா, வூட்லயே உக்காந்து வேலை செய்யலாமே" என்று நேற்று நீங்களும் அத்தையும் ஆசையாகத்தான் சொன்னீர்கள். மூன்று வருஷமாக வீட்டில் உட்கார்ந்துதான் கட்டட பிளான் வரைகிறேன். பெரிய பிளான் எல்லாம் சாதாரண லேப்டாப்பில் ஓடாது, சேலம் ஆபீசுக்குப் போய்த்தான் வரைய வேண்டும். அதுதான் எனக்கு வேண்டும்.

அத்தை கேட்டால் காசு மிச்சம் என்று சொல்லுங்கள். எனக்குப் போகப் பிடிக்கும் என்பதெல்லாம் இந்த வீட்டில் ஒரு காரணமாகாது.

மணிமேகலை

எங்கே போனேன் என்று எழுத மறக்கவில்லை, கடைசியில் எழுதலாம் என்று விட்டேன்: மொரப்பூர் ஸ்டேஷனில் சேலத்துக்குச் சீசன் டிக்கெட் எடுக்கத்தான் போயிருக்கிறேன்.