நெற்றிக் காசின் அளவு

வேங்கிக்கால்,
தை 6

அன்பு மகன் செழியனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நீயும் மருமகள் கவிநிலாவும் அந்த ஜெர்மனிக் குளிரில் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் மலையைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். என் உடம்பு எப்படி இருக்கிறது என்பதை நீ உன் தங்கச்சியிடம் கேட்டுத் தெரிந்துகொள்கிறாய், அதனால் அதை எழுதி மையை வீணாக்கவில்லை. போனில் பேசினால் நீ சரிம்மா சரிம்மா என்று சொல்லிக்கொண்டே கம்ப்யூட்டரைத் தட்டுகிற சத்தம் எனக்குக் கேட்கிறது. அதனால்தான் கடிதம். ஆர்த்தி இதைப் போட்டோ பிடித்து இப்போதே அனுப்பிவிடலாம் என்றாள், நான் ஒத்துக்கொள்ளவில்லை. போட்டோவில் பார்த்தால் தாள் எவ்வளவு பெரியது என்று உனக்குத் தெரியாது. அந்த விஷயத்தில் நீ ஏற்கெனவே ஒரு தடவை ஏமாந்தவன்.

இங்கே எல்லாரும் அவரவர் பாட்டில் இருக்கிறார்கள். ஆர்த்தி இ-சேவை மையத்தில் காலையிலிருந்து சாயங்காலம் வரை ஊராருக்குச் சான்றிதழ் போட்டுக் கொடுக்கிறாள். கீழ்பென்னாத்தூரில் உன் பெரியப்பா மகன் சக்திவேல் மல்லாட்டை விதைத்திருக்கிறான், பயிர் நன்றாக இருக்கிறதாம். உன் எல்லம்மா அத்தை முட்டி வலியோடு பஸ் ஏறி வந்து என்னைத் திட்டிவிட்டு, சாப்பிட்டுவிட்டுப் போகிறாள். எனக்குத் தையல் வேலை குறையவில்லை, கலெக்டர் ஆபீசில் வேலை பார்க்கிற பெண்கள் பாதிப்பேர் என்னிடம்தான் ஜாக்கெட் கொடுக்கிறார்கள். போன வாரம் ரமணாசிரமம் பக்கம் அறை எடுத்துத் தங்கியிருக்கிற ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி தன் பழைய பேன்ட்டைக் கொண்டுவந்து, இதே அளவில் இன்னொன்று வேண்டும் என்று கையால் காட்டினாள். பாஷை தெரியாத அவளுக்கு அளவுக்கு ஒரு துணி கொண்டுவர வேண்டும் என்று தெரிந்திருக்கிறது. உனக்குத் தெரியவில்லை என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

பழைய சிலைகளையும் பானைகளையும் சுற்றிச் சுற்றிப் போட்டோ எடுத்து, கம்ப்யூட்டருக்குள் அச்சு அசலாக, முடியளவும் பிசகாமல் செய்து வைப்பது உன் வேலை என்று ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டவள் நான். எத்தனை போட்டோ எடுத்தாலும் உருவம்தான் கிடைக்கும், அளவு கிடைக்காது, அதனால் பக்கத்தில் அளவு தெரிந்த ஒரு பொருளை வைத்து எடுக்க வேண்டும் என்று நீதான் ஒரு தடவை விளக்கினாய். அதைத் தெரிந்துகொள்ள அவ்வளவு தூரம் போயிருக்க வேண்டாம். முப்பது வருஷமாகப் பெண்கள் என்னிடம் படத்தைக் காட்டி இந்தக் கழுத்து வேண்டும், இந்தக் கை வேண்டும் என்கிறார்கள். அளவு ஜாக்கெட் எங்கே என்றுதான் நான் கேட்பேன். அது இல்லாமல் துணியில் கத்தரி வைத்ததில்லை.

உன் அப்பாவை எடுத்த அன்று நடந்ததை உனக்கு யாரும் முழுதாகச் சொல்லியிருக்க மாட்டார்கள். நீ போனில் இருந்தாய், ஆனால் போனில் இருப்பதை நான் இருப்பதாகக் கணக்கில் சேர்ப்பதில்லை. அன்று மாசிப் பௌர்ணமி. மத்தியானத்துக்கு மேல் கிரிவலக் கூட்டம் வந்துவிட்டால் ரோட்டை மூடிவிடுவார்கள், அதனால் பதினோரு மணிக்குள் எடுத்துவிட வேண்டும் என்று முடிவு செய்திருந்தார்கள். நீ வரப்போவதில்லை என்று தெரிந்து, கொள்ளி வைக்கச் சக்திவேல் ஒப்புக்கொண்டான். அவன்தான் சட்டைப் பையில் கிடந்த ஒரு ரூபாயை எடுத்துச் சந்தனம் குழைத்து அவர் நெற்றியில் ஒட்டினான். நான் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தேன். பத்து மணிக்கு ஆர்த்திக்கு உன் போன் வந்தது. அப்பா முகத்தைச் சுற்றி இருநூறு போட்டோ எடு என்றாய். கண்ணாடியில் வெளிச்சம் அடிக்கிறது, ஐஸ் பெட்டியின் மூடியைத் திற என்றாய். மாலையை எடு என்றாய், ஃபேனை நிறுத்து என்றாய், முடிகிற வரைக்கும் யாரும் அவர்மேல் விழுந்து அழக் கூடாது, துளி அசைந்தாலும் உருவம் கெட்டுவிடும் என்றாய். பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைக்கச் சொன்னதும் அத்தைக்குக் கோபம் வந்துவிட்டது, பொணத்தை அளந்து பார்க்கிறீர்களா என்று கத்தினாள். ஸ்பீக்கரில் உன் குரல் வீடு முழுக்கக் கேட்டது. "விடு ஆர்த்தி, நெத்தியில ஒரு ரூபா இருக்குது இல்ல, அதோட அளவு எனக்குத் தெரியும், அது போதும்" என்றாய். அதற்கப்புறம் இன்னொன்றும் சொன்னாய், நீ மறந்திருப்பாய், "அம்மாவைக் கொஞ்சம் தள்ளி உக்காரச் சொல்லு, நெழல் விழுது."

நான் தள்ளி உட்கார்ந்தேன். நாற்பது நிமிஷம் சுவர் ஓரமாக உட்கார்ந்து என் புருஷனை என் மகள் போட்டோ எடுப்பதைப் பார்த்தேன். பாவம், அண்ணன் சொல்லிவிட்டானே என்று அவள் விடாமல் எடுத்தாள். முடிந்தபோது பாடை தயாராகிவிட்டது, ரோடு மூடிவிடுவார்கள் என்று வெளியே அவசரப்படுத்தினார்கள், பெண்களை ஒதுங்கச் சொன்னார்கள். முப்பத்தெட்டு வருஷம் கூடக் குடித்தனம் செய்த மனுஷனின் கன்னத்தை நான் கடைசியாக ஒரு தரம் தொடவில்லை செழியா. என்னைத் தடுத்தது எமன் இல்லை, நீ.

அப்புறம் கார்த்திகையில், தீபம் முடிந்த நான்காம் நாள், கூரியரில் ஒரு பெட்டி வந்தது. தெர்மாகோலைப் பிய்த்து எடுத்தால் உள்ளே, அந்தப் போட்டோக்களை வைத்து நீ மிஷினில் அச்செடுத்த உன் அப்பாவின் தலை. ஆர்த்தி அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை, விட்டுப்போனதை இப்போதாவது செய்துகொள்ளலாம் என்று ஆசையாகத்தான் கன்னத்தில் கை வைத்தேன். கை ஒத்துக்கொள்ளவில்லை. அவர் தாடை என் உள்ளங்கைக்குள் அடங்கும். காய்ச்சலில் கிடந்தபோதெல்லாம் பிடித்த தாடை அது, எனக்குத் தெரியாதா. இது அடங்காமல் வெளியே நின்றது. அவருடைய மூக்குக் கண்ணாடியைக் கொண்டுவந்து மாட்டிப் பார்த்தேன், கம்பிகள் காது வரைக்கும் போகவில்லை. ஆர்த்தி டேப்பை எடுத்து அளந்தாள், அப்புறம் தன் பர்ஸிலிருந்து ஒரு ரூபாயை எடுத்து அளந்தாள், உன்னைக் கூப்பிட்டுக் கேட்டாள். நீ இருபத்தைந்து மில்லிமீட்டர் என்று போட்டிருந்தாய். அது நீ விமானம் ஏறிய வருஷத்து ரூபாய். நீ போன பிறகு ரூபாய் இரண்டு தடவை சிறுத்துவிட்டது, இப்போது இருபதுதான். இந்தப் பதினைந்து வருஷத்தில் மூன்று தடவை வந்தாய், வந்தபோதும் எல்லா இடத்திலும் கார்டைத்தான் தேய்த்தாய், ஊர்ச் சில்லறை உன் கையில் படவில்லை. அதனால் உன் அப்பாவுக்குக் கால் பங்கு தலை ஜாஸ்தியாகிவிட்டது. உயிரோடு இருந்தபோது அவரை இவ்வளவு பெரிய மனுஷனாக நீ நினைத்ததில்லை.

காசு இருந்த இடத்தைத் தேய்த்து மறைத்திருக்கிறாய், நெற்றியில் அந்த வட்டம் மட்டும் வழவழவென்று தெரிகிறது. பின்னந்தலையில் பஸ் ஓட்டின காலத்தில் கண்ணாடி குத்திய தழும்பு இல்லை, மொட்டையாக இருக்கிறது. படுத்திருந்தவரின் பின்பக்கத்தை யாரும் போட்டோ எடுக்கவில்லை, அதைக் கம்ப்யூட்டர் தானாக நிரப்பிக்கொண்டதாம். உடம்பில்லாத தலையை வீட்டில் வைக்காதே, ஆகாது, ஏரியில் போடு என்கிறாள் அத்தை. நான் போடவில்லை. அவருடைய வேட்டியில் சுற்றிக் கட்டிங் டேபிளுக்கு அடியில் வைத்திருக்கிறேன், சில நேரம் கால் இடிக்கும். நடந்தது தெரிந்ததும் நீ என்ன சொன்னாய் என்று ஞாபகம் இருக்கிறதா, "ஒரு நம்பரை மாத்தினா போதும்மா, சரிபார்க்க அப்பா மூக்குக் கண்ணாடியோட அகலத்தை மட்டும் அளந்து அனுப்பு, வேற ஒண்ணு அனுப்பறேன்." அன்றைக்கே அந்தக் கண்ணாடியைப் பீரோவில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். அதன் அகலம் இந்த ஜென்மத்தில் உனக்குத் தபாலில் வராது.

நானும் அந்தத் தப்பைச் செய்தவள்தான், மறைக்க என்ன இருக்கிறது. மூன்று வருஷத்துக்கு முன் உன் பழைய சட்டையை அளவுக்கு வைத்து ஒரு சட்டை தைத்து அனுப்பினேன். தோள் பிடிக்கிறது, கூட வேலை செய்கிற ஒருவருக்குக் கொடுத்துவிட்டேன் என்றாய். நான் சிரித்துக்கொண்டே போனை வைத்தேன், அப்புறம் மிஷினில் தலையைக் கவிழ்த்து அழுதேன். பெற்ற பிள்ளையின் தோள் அளவு தெரியாத தையல்காரி நான். ஆனால் ஒன்று, நான் துணியில்தான் தப்பு செய்தேன்.

இதெல்லாம் ஆறிப்போயிருக்கும். போன ஞாயிற்றுக்கிழமை ஆர்த்தி என்னை வேப்பமர நிழலில் ஸ்டூல் போட்டு உட்காரவைத்தாள். வெயில் இல்லாத நேரம்தான் நல்லது, பத்து நிமிஷம் அசையாமல் இரும்மா என்றாள். ஆதாருக்கோ ஆஸ்பத்திரிக்கோ போட்டோ கேட்கிறார்கள் போலிருக்கிறது என்று புதுப் புடவை கட்டித் தலை வாரி உட்கார்ந்தேன். அவள் என்னைச் சுற்றிச் சுற்றி வந்தாள். குனிந்து பார்த்தால் என் காலருகில் கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம் போட்ட ஒரு அட்டை இருந்தது. இது என்னடி என்றேன். அவளுக்குப் பொய் சொல்ல வராது, அங்கேயே உட்கார்ந்து அழுதுகொண்டு போனில் நீ எழுதியிருந்ததைக் காட்டினாள். "ஆபரேஷனுக்கு முன்னாடி அம்மாவை முழுசா எடுத்து வெச்சுடு. இந்த வாட்டி ஸ்கேல் வெச்சு எடு."

எனக்கு இதய வால்வு மாற்றப்போகிறார்கள். மாசி இரண்டாம் வாரம் வேலூரில் ஆபரேஷன், அடுத்த வாரம் உன் அப்பாவின் முதல் வருஷத் திதி. இரண்டுக்கும் வர முடியாது, மியூசியத்தில் வேலை நெருக்கடி என்றாய், சரி என்றேன். நூற்றுக்கு இரண்டு பேருக்குத்தான் ஆபத்து என்று டாக்டர் சொன்னார். அந்த இரண்டு பேரில் ஒருத்தியாக என்னைச் சேர்த்து நீ முன்கூட்டியே அளவெடுக்கச் சொல்லியிருக்கிறாய். கல்யாணத்துக்குத்தான் ஒரு மாதம் முன்னால் அளவு கொடுப்பார்கள். எடுத்த போட்டோ அத்தனையும் அழிக்க வைத்தேன், என் கண்ணெதிரே. ஆர்த்திமேல் கோபித்துக்கொள்ளாதே, அவள் இரண்டு கல்நெஞ்சுக்கு நடுவில் மாட்டிக்கொண்டவள்.

வால்வின் அளவைக் கேட்டேன், டாக்டர் சிரித்துக்கொண்டே இருபத்தொன்றோ இருபத்துமூன்றோ மில்லிமீட்டர் இருக்கும், திறந்து பார்த்து அளந்துதான் வைப்போம் என்றார். கேட்க நிம்மதியாக இருந்தது. திறந்து பார்த்து அளக்கிறவர்கள் கையில் போகிறேன், தொலைவிலிருந்து அளக்கிறவர்கள் கையில் இல்லை. ஆஸ்பத்திரி படிவத்தில் பொறுப்பாளர் என்ற இடத்தில் சக்திவேல் கையெழுத்துப் போட்டிருக்கிறான். உறவு என்ற இடத்தில் மகன் என்று எழுதச் சொன்னேன்.

கவிநிலாவை உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல். தலைக்கு எண்ணெய் வை, உனக்குச் சூட்டு உடம்பு. அண்ணாமலையார் உனக்கு நீண்ட ஆயுளைக் கொடுக்கட்டும், உன்னைச் சுற்றி உட்கார்ந்து அழ ஆட்களையும் கொடுக்கட்டும், அவர்களை யாரும் தள்ளி உட்காரச் சொல்லாமல் இருக்கட்டும்.

ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். என் நெற்றிக்கு ஒரு காசு எடுத்து வைத்திருக்கிறேன், தையல் மிஷின் டிராயரில் பாபின்களுக்கு அடியில் இருக்கிறது. இரண்டு பக்கமும் தேய்ந்த காசு, எந்த வருஷம், எத்தனை மில்லி என்று ஆர்த்திக்கும் தெரியாது. பிழைத்து வந்தால் அதைக் கோவில் உண்டியலில் போட்டுவிடுவேன். பிழைக்காவிட்டால் அதை எடுத்து வைக்க வேண்டிய கை உன்னுடையது. நீ வந்து சேராவிட்டால் உனக்காகக் காத்திருக்க வேண்டாம், வேறு யாரும் வைக்கவும் வேண்டாம், வெறும் நெற்றியோடு என்னை எடுத்துவிட வேண்டும் என்று சக்திவேலிடம் சத்தியம் வாங்கியிருக்கிறேன்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றவள்,
கோ. பச்சையம்மாள்